எந்தத் தோட்டத்து மாரியம்மன்? ஃபெடிவெர்ஸ் குழுவுக்கு வழி சொல்லும் முறை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா பக்கம் யாராவது "மாரியம்மன் கோயிலுக்கு வந்துருங்க" என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதுதான். இந்த வட்டாரத்தில் அநேகமாகத் தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் உண்டு. மேரி தோட்டமா, நைஜல் கார்ட்னரா, புக்கிட் தாகாரா என்று சேர்த்துச் சொன்னால்தான் வருகிறவர் சரியான திருவிழாவுக்கு வந்து சேருவார்.

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல சமூகத் தளங்களின் வலையான ஃபெடிவெர்ஸில் ஒரு குழுவுக்கு முகவரி சொல்வதும் இப்படித்தான். கோயில் பெயர் ஒன்று, தோட்டத்தின் பெயர் ஒன்று. இரண்டையும் முறையாக எழுதிவிட்டால், படிக்கிறவர் எந்த ஊரில் இருந்தாலும் தன் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி அங்கே வந்துவிடலாம். நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்துப் பழைய படங்களைச் சேர்க்க, ஃபெடிவெர்ஸின் குழுத் தளமான லெம்மியில் ஒரு குழு தொடங்கியிருந்தேன். லயத்து வீடுகள், விடிவதற்கு முன் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம், ரப்பர் பால் எடை போடும் கொட்டகை, தமிழ்ப் பள்ளியின் வகுப்புப் படங்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் ராவாங்கில் இருக்கிறார்கள், கிள்ளானில் இருக்கிறார்கள், ஜோகூர் தாண்டி சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உலாவியின் மேல்பட்டையில் இருந்த சுட்டியை அப்படியே நகலெடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். கிள்ளானில் இருக்கும் அக்காவுக்கு ஏற்கெனவே வேறொரு சர்வரில் கணக்கு இருந்தது. சுட்டியைத் தொட்டதும் அவருக்கு என் சர்வரின் பக்கம் திறந்தது. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. உள்ளே வரக் கடவுச்சொல் கேட்டது, அவருடைய கடவுச்சொல் செல்லவில்லை. சரி என்று புதிதாக ஒரு கணக்கு தொடங்கினார். வேறொருவர் அனுப்பிய சுட்டிக்காக இன்னொன்று. இரண்டு மாதத்தில் அவரிடம் மூன்று கணக்குகள். பெரியம்மா மகன் ஒருவர் அந்தக் கடவுச்சொல் பக்கத்தோடு விட்டுவிட்டார். அவரிடம் இருந்த படங்கள் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும்

முகநூல் ஒரே கம்பெனியின் கட்டடம். ஃபெடிவெர்ஸ் அப்படி இல்லை. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடங்களில் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்த நெறிமுறையை 2018 ஜனவரி 23 அன்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தன் பரிந்துரையாக வெளியிட்டது. 2016இல் வந்த மாஸ்டடானில் ஆட்களைப் பின்தொடர்வோம். 2019இல் தொடங்கிய லெம்மியில் குழுக்களில் சேர்வோம். எம்பின், பைஃபெட் ஆகியவையும் லெம்மி போன்ற குழுத் தளங்கள்தான். ஒன்றில் கணக்கு இருந்தால் மற்றவற்றில் நடக்கும் பேச்சிலும் கலந்துகொள்ளலாம்.

ஆனால் உங்கள் கணக்கு இருப்பது ஒரே ஒரு சர்வரில். அதுதான் உங்கள் வீடு. பக்கத்துத் தோட்டத்து வாசலில் போய் நின்றால் அங்கிருக்கும் ஜாகாவுக்கு (காவலாளிக்கு) உங்களை அடையாளம் தெரியாது. சொந்த வாசலிலிருந்து கூப்பிட்டால் உங்கள் சர்வரே அந்தச் சர்வரோடு பேசி எல்லாவற்றையும் உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கும். இனி சொல்லப்போகும் எல்லா முறைகளும் இந்த ஒன்றிலிருந்து வருகின்றன.

முகவரியைப் படிப்பது

முகவரிகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். நானே கற்பனையாக வைத்துக்கொண்ட ஒரு குழு:

!பழையபடங்கள்@நம்சர்வர்.நெட்

முன்னால் இருக்கும் வியப்புக்குறி, "இது ஒரு குழு" என்கிறது. அடுத்தது குழுவின் பெயர். @ குறிக்குப் பின்னால் வருவது அந்தக் குழு குடியிருக்கும் சர்வர். ஆளாக இருந்தால் வியப்புக்குறிக்குப் பதில் முன்னாலும் ஒரு @ வரும்.

சர்வர் பெயரை விட்டுவிடவே கூடாது. டெக்னாலஜி என்ற பெயரில் லெம்மி.வேர்ல்டில் ஒரு குழு, லெம்மி.எம்எல்லில் ஒரு குழு, பீஹா.ஆர்கில் ஒரு குழு என்று தனித்தனியாக இருக்கின்றன. ஆட்கள் வேறு, விதிகள் வேறு, நடத்துகிறவர்கள் வேறு. "டெக்னாலஜி குழுவுக்கு வாங்க" என்பது "மாரியம்மன் கோயிலுக்கு வாங்க" என்பதைப் போலத்தான்.

குழு தொடங்க நினைக்கிறவர்களுக்கு இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். முகவரியில் வரும் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு இவற்றால் அமையுங்கள். ஒருமுறை வைத்தால் அதைப் பிறகு மாற்ற முடியாது. பக்கத்தின் மேலே தெரியும் தலைப்பை மட்டும் தமிழில் வைக்கலாம், வேண்டும்போது மாற்றவும் செய்யலாம். எங்கள் ஊருக்கே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. ஆனாலும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள், பஸ்ஸும் வந்து சேர்கிறது. சர்வருக்கு அந்த ஞாபகம் கிடையாது. ஓர் எழுத்து மாறினாலும் குழு கிடைக்காது. ஆகவே சின்னதாக, தப்பில்லாமல் தட்டக்கூடிய பெயராகப் பார்த்து வையுங்கள். வயதானவர்கள் கைப்பேசியில் தட்டப்போகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பட்டையிலிருந்து முகவரியை எடுப்பது

லெம்மியில் குழுவின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் இருக்கும் விவரப் பகுதியில் முகவரி முழுதாகத் தெரியும். கைப்பேசியில் அந்தப் பகுதி மடங்கியிருக்கலாம், தொட்டு விரிக்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் மேல்பட்டையைப் பாருங்கள். இரண்டு விதமாக இருக்கும்.

நம்சர்வர்.நெட்/சி/பழையபடங்கள் என்று இருந்தால், நீங்கள் குழுவின் சொந்தச் சர்வரிலேயே நிற்கிறீர்கள். கடைசியில் இருப்பது குழுவின் பெயர், முதலில் இருப்பது சர்வர். இடம் மாற்றி எழுதி, வியப்புக்குறியும் @ குறியும் போட்டால் முகவரி தயார்.

வேறுசர்வர்.ஆர்க்/சி/பழையபடங்கள்@நம்சர்வர்.நெட் என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது வேறொரு சர்வரில் இருக்கும் பிரதி. முதலில் இருக்கும் சர்வர் பெயரை விட்டுவிடுங்கள். /சி/க்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்து, முன்னால் வியப்புக்குறி போடுங்கள். பலர் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். முதலில் தெரியும் சர்வரையே எழுதிவிடுவார்கள், அங்கே அப்படி ஒரு குழுவே இருக்காது.

எம்பினில் குழுவை மேகசின் என்பார்கள். அங்கே சி என்ற எழுத்துக்குப் பதில் எம் வரும், மற்றதெல்லாம் இதே கணக்கு.

தேடினால் ஒன்றும் வரவில்லையே?

புதியவர்கள் அதிகம் மனம் தளர்வது இந்தக் கட்டத்தில். முகவரியைச் சரியாகத் தட்டியிருப்பார்கள், பக்கம் வெறுமையாக இருக்கும்.

தோட்டத்தில் யாராவது ஒருவர் பேப்பர் போடச் சொன்னால்தான் பேப்பர்காரர் உள்ளே வருவார். ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் லயத்தில் எல்லாரும் வாங்கிப் படித்துவிடுவார்கள். சர்வர்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. உங்கள் சர்வரில் இதுவரை யாருமே தேடாத, சேராத ஒரு குழு, அந்தச் சர்வரைப் பொறுத்தவரை இல்லாத குழு. முதலில் கேட்கிறவராக நீங்கள்தான் இருக்க வேண்டும்.

அதற்கு, உங்கள் சர்வரில் உங்கள் கணக்கால் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வெறுமனே பார்க்கிறவருக்காகச் சர்வர் வேறிடம் போய்க் கேட்காது. தேடல் பெட்டியில் முழு முகவரியை வியப்புக்குறியோடு ஒட்டித் தேடுங்கள். உங்கள் சர்வர் போய் விசாரித்துக்கொண்டு வரச் சில விநாடிகள் ஆகும். முதல் தடவை "எதுவும் இல்லை" என்று காட்டினால் பத்து விநாடி பொறுத்து மறுபடி தேடுங்கள். அப்போதும் வராவிட்டால் குழுவின் முழு இணையச் சுட்டியையே தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

வந்த குழுவில் பழைய பதிவுகள் கொஞ்சம்தான் இருக்கும். அவற்றுக்கான பதில்கள் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். குழு செத்துக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சப்ஸ்கிரைப் பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்துதான் புதிய பதிவுகளும் பதில்களும் வரத் தொடங்கும். பழையதையெல்லாம் பார்க்க ஆசையாக இருந்தால் குழுவின் சொந்தச் சர்வரில் போய்ப் படிக்கலாம். படிப்பதற்குக் கணக்குத் தேவையில்லை.

அழுத்தியதும் பொத்தானில் "பெண்டிங்" என்று தெரியலாம். அந்தப் பக்கத்துச் சர்வர் இன்னும் பதில் சொல்லவில்லை என்று பொருள். ஒரு நாள் கழித்தும் அப்படியே நின்றால் விலகிவிட்டு மறுபடி சேருங்கள்.

அப்புறம் மொழி. லெம்மியின் அமைப்புகளில் எந்தெந்த மொழிப் பதிவுகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. தமிழும் அதில் உண்டு. ஆசையோடு தமிழை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால், மொழி குறிக்காமல் எழுதப்பட்ட பதிவுகள் எல்லாம் மறைந்துவிடும். நம் ஆட்களில் பாதிப் பேர் மொழியைக் குறிக்காமல்தான் எழுதுவார்கள். ஆகவே தமிழோடு "அன்டிடர்மைன்ட்" என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். மலாயும் ஆங்கிலமும் படிப்பவரானால் அவற்றையும். எங்கள் குழுவில் ஒருவருக்கு வாரக்கணக்கில் வெறும் பக்கம் தெரிந்ததற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

உங்கள் பதிவில் சுட்டி எழுதுவது

இப்போது அக்கா போன்றவர்களை அலைக்கழிக்காமல் அழைக்கும் முறை. லெம்மியில் பதிவோ பதிலோ எழுதும்போது, உலாவியின் சுட்டியை ஒட்டாதீர்கள். வியப்புக்குறி முகவரியைத் தட்டுங்கள். வியப்புக்குறி போட்டுப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதுமே உங்கள் சர்வருக்குத் தெரிந்த குழுக்களின் பட்டியல் கீழே விரியும். தேர்ந்தெடுத்தால் போதும். அந்த முகவரியைப் படிக்கிறவர் தொடும்போது, அவரவர் சர்வரிலேயே குழு திறக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நாம் பெயரோடு "இல்", "க்கு", "ஐ" என்று உருபைச் சேர்த்தே எழுதிப் பழகியவர்கள். முகவரியின் கடைசியில் "நெட்டில்" என்றோ "நெட்டுக்கு" என்றோ ஒட்டி எழுதினால் சுட்டி உடைந்துவிடும், அல்லது தவறான இடத்துக்குப் போகும். முகவரிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விட்டு, "என்ற குழுவில் சேருங்கள்" என்று தனிச் சொல்லாக எழுதுங்கள். அதைவிட நல்லது, முகவரியைத் தனி வரியில் வைப்பது. முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதையும் அதோடு ஒட்ட விடாதீர்கள். நான் அனுப்பிய முதல் பத்து அழைப்புகளில் பாதி இந்த உருபால்தான் கெட்டுப்போயின.

"/சி/பழையபடங்கள்@நம்சர்வர்.நெட்" என்று சர்வர் பெயரில்லாத பாதையாக எழுதும் வழக்கமும் உண்டு. லெம்மியிலிருந்து லெம்மிக்கு அது வேலை செய்யும். எம்பினில் பாதையின் எழுத்தே வேறு என்பதால் அங்கே உடையும். நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரு தனிப் பதிவைக் காட்ட வேண்டுமானால் கதை வேறு. ஒரே பதிவுக்கு ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த எண்ணைக் கொடுத்துக்கொள்கிறது. எனக்கு அது ஓர் எண், அக்காவுக்கு வேறோர் எண். வியப்புக்குறி முறை பதிவுகளுக்குக் கிடையாது. பதிவின் அருகே பல வண்ணத்தில் ஒரு நட்சத்திரம் போன்ற சின்னம் இருக்கும், அது பதிவு பிறந்த இடத்தின் சுட்டி. அதை நகலெடுத்துக் கொடுங்கள். வாங்குகிறவர் அதைத் தொட்டுத் திறக்காமல், தன் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்ட வேண்டும். அவருடைய வீட்டிலேயே பதிவு திறக்கும், பதிலும் எழுதலாம். இதைச் சொல்லிக் கொடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் ஆளுக்கு ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுகிறேன். அதற்குப் பிறகு மறப்பதில்லை.

மாஸ்டடானில் இருப்பவர்களை அழைப்பது

வியப்புக்குறி அங்கே செல்லாது. @பழையபடங்கள்@நம்சர்வர்.நெட் என்று இரண்டு @ வைத்துத் தேடச் சொல்லுங்கள். குழு ஓர் ஆளின் கணக்கைப் போலத் தெரியும், பின்தொடரலாம். குழுவில் வரும் பதிவும் பதிலும் அந்தக் கணக்கு பகிர்ந்ததாக முகப்பில் வந்து விழும். அதிகம் பேசும் குழுவானால் முகப்பே நிறைந்துவிடும், அப்போது ஒரு லிஸ்டில் போட்டுவிடுவது நல்லது. குழுவில் புதிதாக எழுத, பொதுப் பதிவு ஒன்றில் குழுவின் முகவரியைக் குறிப்பிட வேண்டும். முதல் வரி லெம்மியில் தலைப்பாகிவிடும் என்பதால் அதில் "1980களில் எங்கள் பள்ளி" போலத் தெளிவாக ஏதாவது எழுதச் சொல்லுங்கள்.

புலனத்தில் அனுப்பும்போது

நம் குடும்பங்கள் எல்லாம் இருப்பது வாட்ஸ்அப் புலனக் குழுக்களில். அங்கே வியப்புக்குறி முகவரியை மட்டும் அனுப்பினால் பயனில்லை. நடுவில் @ இருப்பதைப் பார்த்துப் பல செயலிகள் அதை மின்னஞ்சல் என்று எடுத்துக்கொள்ளும், தொட்டால் கடிதம் எழுதும் பக்கம் திறக்கும். ஆகவே புலனத்தில் இரண்டையும் அனுப்புகிறேன். முதல் வரியில் முழு இணையச் சுட்டி, "கணக்கு இல்லாதவர்கள் இதைத் தொட்டுப் பாருங்கள்" என்ற குறிப்போடு. அடுத்த வரியில் முகவரி, "கணக்கு இருப்பவர்கள் இதை உங்கள் சர்வரில் தேடுங்கள்" என்று. லெம்மிவெர்ஸ்.லிங்க் என்ற சேவையும் இருக்கிறது. அதன் வழியாகச் சுட்டி அனுப்பினால், தொடுகிறவர் தன் சர்வர் எது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அங்கேயே கொண்டுபோய் விடும்.

இன்னொன்றும் புலனத்தில் சொல்லிவிடுங்கள். இந்தக் குழுக்கள் ஊருக்கே திறந்த இடம். ஒரு படத்தைப் பிறகு நீக்கினால், நீக்கச் சொல்லும் செய்தி மற்றச் சர்வர்களுக்கும் போகும். ஆனால் எல்லாச் சர்வரும் கேட்டே ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. படத்தில் இருப்பவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால்

ஒரு சர்வரை நடத்துகிறவர் இன்னொரு சர்வரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளலாம். 2023 ஜூனில் ரெடிட் என்ற விவாதத் தளத்தை விட்டு ஆட்கள் கூட்டமாக லெம்மிக்கு வந்தபோது, பீஹா.ஆர்க் சர்வர் லெம்மி.வேர்ல்டோடு இருந்த தொடர்பைத் துண்டித்தது. வந்த கூட்டத்தைக் கவனித்து ஒழுங்குபடுத்தத் தங்களிடம் ஆளும் கருவியும் போதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்படி நடந்தால் எந்த முகவரி முறையும் உதவாது. லெம்மி பக்கத்தின் அடியில் "இன்ஸ்டன்சஸ்" என்று ஒரு சுட்டி இருக்கும். உங்கள் சர்வர் யாரோடு பேசுகிறது, யாரைத் தடுத்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே கிடைக்கும். குழு தொடங்குவதற்கு முன்பே, உங்கள் ஆட்கள் இருக்கும் சர்வர்களின் பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சர்வரே நின்றுபோவதும் உண்டு. ஜெர்மன் மொழியினரின் பெரிய சர்வராக இருந்த ஃபெடிட்.டிஇ 2024இல் நின்றுபோனது. அங்கிருந்தவர்கள் ஃபெடிட்.ஆர்க் என்ற புதிய சர்வரில் பல குழுக்களை மறுபடி தொடங்கினார்கள். குழுவின் பெயர் அதேதான், @ குறிக்குப் பின்னால் இருப்பது மட்டும் மாறியது. ஆனாலும் பழைய முகவரியை வைத்திருந்த ஒவ்வொருவரும் புதிதாகத் தேடிச் சேர வேண்டியிருந்தது. தோட்டம் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) வந்தபோது கோயிலைப் பெயர்த்து எடுத்துப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் குழுவின் முகவரியை ஒரே இடத்தில் நம்பி வைக்காதீர்கள். எங்கள் குழுவின் முகவரி புலனத்தில் மேலே பொருத்தி வைத்திருக்கிறது, ஒரு தாளிலும் எழுதியிருக்கிறேன். படங்களின் மூலப் பிரதி தனியாக ஒரு வட்டில் இருக்கிறது.

அக்காவின் மூன்று கணக்குகளைக் கடைசியில் ஒன்றாக்கினோம். லெம்மி அமைப்புகளில் ஏற்றுமதி, இறக்குமதி என்று இரண்டு பொத்தான்கள் உள்ளன. பழைய கணக்கில் ஏற்றுமதியை அழுத்தினால் அவர் சேர்ந்திருந்த குழுக்களின் பட்டியல் ஒரு கோப்பாக வரும். அதை அவர் வைத்துக்கொள்ளப்போகும் கணக்கில் இறக்குமதி செய்தால் எல்லாக் குழுக்களிலும் தானாகச் சேர்ந்துவிடும். எழுதிய பதிவுகளும் போட்ட படங்களும் மட்டும் பழைய கணக்கின் பெயரிலேயே நிற்கும். கணக்கை நீக்கும்போது பதிவுகளையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் கை தவறிவிடக் கூடாது என்பதால், பெரட்டுக் களத்துப் படம் இருக்கும் அந்தக் கணக்கை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறோம்.